மூக்கு சார் போட்ட கையெழுத்து

நம் பிஸ்கட் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரும்படி இப்போதைய தர நிர்வாகி கேட்டார். "உணவு அறிவியலுக்கு எப்படியெல்லாம் வரலாம், நீங்க எப்படி வந்தீங்க, அத எழுதுங்க சார். பசங்களுக்கு ஒரு தெம்பா இருக்கும்" என்றார். தெம்பு தரக்கூடிய சமாசாரம் என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மீதியைப் படித்த பிறகு எங்காவது கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் வணக்கம் வைக்க உங்களுக்கு மனம் வராமல் போகலாம். வைக்க வேண்டாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

உங்களில் சிலர் உணவுத் தொழில்நுட்பம் என்றே தேர்ந்தெடுத்துப் படித்தவர்கள். சிலர் நுண்ணுயிரியல், சிலர் வேதியியல். ஒன்றிரண்டு பேர் டாக்டர் சீட் கிடைக்காமல் "ஏதோ ஒண்ணு" என்று வந்தவர்களாகவும் இருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள், நானும் அப்படி வந்தவன்தான். உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பையனுக்கு மருத்துவம் கிடைத்தது, எனக்கு வேதியியல் கிடைத்தது. இரண்டு வருடம் அவன் வீட்டுப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பட்டம் வாங்கியதும் இந்தத் தொழிற்சாலையில் மாவில் ஈரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். படிப்படியாக ஏறி, தரக் கட்டுப்பாட்டுக்கே தலைவனாகி ஓய்வு பெற்றேன். கல்லூரிகளில் என்னைப் பேசக் கூப்பிடும்போதெல்லாம் இதைத்தான் சொல்லுவேன். இளங்கலை, முதுகலை, அஞ்சல் வழிச் சான்றிதழ் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

அந்த மேடைகளில் நான் சொல்லாமல் விட்ட ஒரு வழி உண்டு. தளத்தில் வேலை செய்தபடியே, கையாலும் நாக்காலும் மூக்காலும் கற்றுக்கொண்டு மேலே வருவது. அந்த வழியாக வந்தவர்களை நான் ஒருநாளும் மதித்ததில்லை. ஒருமுறை ஆய்வக உதவியாளர் நேர்காணலுக்கு முத்தியால்பேட்டை பேக்கரி ஒன்றில் பத்து வருடம் வேலை பார்த்தவர் வந்திருந்தார். ரொட்டி ஏன் மறுநாள் விறைத்துப்போகிறது என்று கேட்டேன். "தண்ணி எங்கயும் போறதில்ல சார், உள்ளயே எடம் மாறிக்குது. அதான் லேசா சூடு காட்டுனா திரும்ப மெத்துன்னு ஆவுது" என்றார். அதைவிடச் சரியான பதில் உலகத்தில் கிடையாது. புத்தகத்தில் இருக்கும் பெயரை அவர் சொல்லவில்லை என்பதற்காக நான் அவரைத் தள்ளிவிட்டேன். இதுகூடச் சின்னத் தப்புதான். பெரியதை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

தொழிற்சாலையில் எனக்குப் பட்டப்பெயர் மூக்கு சார். என் மூக்கு ஒன்றும் பெரிய மூக்கில்லை. வேலையில் அது கில்லாடி. நெய் டின்னைத் திறந்ததும் எந்தப் பக்கத்து நெய் என்று சொல்லிவிடுவேன். ஏலக்காய் மூட்டையைப் பிரிக்காமலே பழசா புதுசா என்று சொல்லுவேன். எங்கள் நிர்வாக இயக்குநர் பழைய பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்துக்காரர். எல்லோரும் அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். வெளியாட்கள் வந்தால் அவர் என் தோளில் கை போட்டு, "மிஷின் எல்லாம் சும்மா. இவரு மூக்குதான் நம்ம லேப்" என்பார். நானும் கூச்சப்படுவது போல் தலையைக் குனிந்துகொள்வேன்.

கொரோனா இரண்டாம் அலையில் எனக்கும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது, வாசனையும் கூடவே போனது. எல்லோருக்கும் போய்த் திரும்பி வந்ததே, எனக்கும் வரும் என்று இருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் சமையலறையில் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோடு ஒட்டி வைத்து இழுத்தேன். ஒன்றுமில்லை. பெருங்காயம் இருந்த டப்பா என்று கேலி பேசுவார்கள், காயம் தீர்ந்தாலும் வாசனை மட்டும் மிச்சம் இருக்கும் என்று. எனக்கு அந்த மிச்சமும் இல்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு, உறைப்பு நாக்குக்குத் தெரிந்தது. மற்றது எல்லாம் வெறும் சூடு, வெறும் குளிர். என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். "ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. கருவிப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பேன், வாசனை பார்க்க வேறொருவரைப் போட்டிருப்பார்கள். சம்பளம் குறையாது, வேலை போகாது. மூக்கு சார் என்ற பெயர் மட்டும் போகும். அந்த ஒரு பெயருக்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆரோக்கியமேரி என் கண்ணில் பட்டார். நோணாங்குப்பத்துக்காரர். கணவர் அங்கே படகுத்துறையில் படகு ஓட்டுகிறார். மேரி பிளஸ் டூவில் அறிவியல் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியும் மேலே படிக்க வைக்க ஆளில்லாமல் எங்கள் பேக்கிங் பிரிவுக்கு வந்தவர். ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த லைனை அவரே நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் கத்த, நான் போனேன். "இந்த ரோல்ல மண்ணெண்ண வாடை அடிக்குது சார், பிஸ்கட்ல ஏறிடும்" என்று உறை சுற்றும் தாளைக் காட்டினார். நான் மோந்து பார்ப்பது போல் பார்த்தேன். பிறகு துண்டு வெட்டி வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அச்சு மை சரியாகக் காயாமல் கரைப்பான் தங்கியிருந்தது உண்மை என்று பதில் வந்தது.

மறுவாரமே மேரியை வாசனைக் குழுவில் பயிற்சி பெறுபவராக எடுத்துக்கொண்டேன். "தொழிலாளியக் கைதூக்கி விடுறாரு பாருங்க" என்று முசியே பெருமைப்பட்டார். யூனியன் தலைவர் வந்து கைகொடுத்தார். எனக்கு ஒரு மூக்கு தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டேன். விஷயம் அவ்வளவுதான்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்து இறங்கும் ஒவ்வொரு சரக்கையும் இரண்டு பேர் மோந்து, சுவைத்து, பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். யார் முதலில் பார்த்தாலும் மற்றவர் மதிப்பெண் போடும்வரை வாயைத் திறக்கக் கூடாது, முகத்தில்கூடக் காட்டக் கூடாது. அந்த விதியை எழுதியவனே நான்தான். நானே அதை மாற்றினேன். "நீ கத்துக்கிறவ, நீ மொதல்ல பாரும்மா, என்னா தோணுதோ சொல்லு" என்று கிண்ணத்தை அவரிடம் கொடுப்பேன். அவர் சொல்லக்கூட வேண்டியதில்லை. மூக்கு நுனி லேசாகச் சுருங்கினால் நெய் பழசு. புருவம் ஏறினால் வெனிலா அதிகம். பிறகு நான் கிண்ணத்தை வாங்கிக் கண்ணை மூடி, நிதானமாக ஒரு மூச்சு இழுத்து, அவர் முகத்தில் படித்ததை என் மதிப்பெண்ணாக எழுதுவேன். "கரெக்டா கண்டுபுடிச்சம்மா" என்று அவரைப் பாராட்டவும் செய்வேன். வெட்கம் கெட்டவன் நான்.

வாசனைக் குழுவில் இருப்பவர்கள் பூ வைக்கக் கூடாது என்பதும் விதி. பவுடர், சென்ட் மாதிரி மல்லிகையும் கூடாது. ஆண்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. மேரி தினமும் முழம் பூ வைக்கிறவர். முதல் நாளே எடுத்துவிட்டார். காலையில் மீன் குழம்பைத் தொடுவதில்லை, கருவாட்டை வீட்டிலேயே நிறுத்திவிட்டார், தலைக்கு வாசனை எண்ணெய் இல்லை. பூவை வாழையிலையில் மடித்து டிபன் டப்பாவில் வைத்து, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது வைத்துக்கொள்வார். "கல்யாணம் ஆன பொண்ணு காலைல பூ இல்லாம மொட்டைத் தலையோட போறியேன்னு எங்க மாமியார் ஏசுறாங்க சார்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அஞ்சல் வழியில் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் படிப்பிலும் சேர்ந்தார். அதை முடித்தால் ஆய்வக உதவியாளர் வேலைக்கு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் அவர் மூக்கில்தான் என் பெயர் நின்றது.

இடையில் ஒருநாள் நான் ஆய்வக அறையில் தனியாக உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். மேரி வேகமாக உள்ளே வந்தார். என் பின்னால் மேசைக்குப் போய் எதையோ திருகினார், ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். புழுக்கமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்து நான் எழுதுவதைத் தொடர்ந்தேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய படிப்பு முடிந்தது. உதவியாளர் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. என் ஓய்வுக்கு எட்டு மாதம். அன்று காலை பால்பவுடர் மூட்டைகள் வந்து இறங்கின. சில பள்ளிக்கூடங்களுக்குக் காலையில் பாலோடு கொடுக்கும் பிஸ்கட்டுக்கான பவுடர் அது. வழக்கமாக வருகிற சரக்கு தாமதமாகி அவசரமாக வேறு இடத்திலிருந்து வரவழைத்தது. அடுப்பு சூடேறித் தயாராக இருந்தது. உற்பத்தி மேலாளர் ஆய்வக வாசலிலேயே நின்றுகொண்டார். "சார், மத்தியானம் லாரி கெளம்பணும். சீக்கிரம் சொல்லுங்க" என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார். ஈரம், கொழுப்பு, புளிப்பு எல்லா எண்களும் சரியாக இருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் பவுடரைக் கரைத்து மூடி வைத்த கிண்ணத்தை மேரியிடம் கொடுத்தேன்.

மூடியைத் திறந்தவர் உடனே மூடினார். முகம் மாறிவிட்டது.

"சார், இது வேணாம் சார்."

"ஏம்மா?"

"கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்துல பால் சட்டிய வெச்ச மாதிரி இருக்குது. லேசாத்தான் தெரியுது. சூட்டுல போனா தூக்கும் சார்."

உற்பத்தி மேலாளர் உள்ளே வந்துவிட்டார். "என்னா சார் இது? பால்பவுடர்ல எப்பிடி கருவாடு வரும்? எண்ணு எல்லாம் சரியா இருக்குல்ல?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க பாருங்க சார். உங்க மூக்குக்குத் தெரியாததா?" என்றார்.

நான் கிண்ணத்தை வாங்கினேன். கண்ணை மூடினேன். வழக்கமான நாடகம். அந்தக் கணத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது: எனக்கு வாசனை தெரியாது, அவர் சொல்வதை நம்புங்கள். அதைச் சொல்லக்கூட வேண்டாம். சந்தேகமாக இருக்கிறது, நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தாலும் போதும். இத்தனை நாளும் அவர் முகத்தைப் பார்த்து எழுதியவன், அன்றும் அப்படியே எழுதியிருக்கலாம். அடுப்பு காய்கிறது, மேலாளர் நிற்கிறார், எண்கள் சரியாக இருக்கின்றன, பட்டம் வாங்காத ஒரு பெண் கருவாடு என்கிறார். லைனை நிறுத்திவிட்டு, பின்னால் அது ஒன்றுமில்லை என்று ஆனால் மூக்கு சாருக்கு வயதாகிவிட்டது என்பார்களே என்று பயந்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா" என்றேன். அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மேலாளருக்கு முன்னால் கொஞ்சம் வேடிக்கையாகப் பேச வேண்டும் என்று தோன்றிவிட்டது. "நோணாங்குப்பத்துலேர்ந்து வர்ற. காலைல கருவாடு வறுத்துட்டு வந்திருப்ப. அதே பொடவைதான?" என்றேன். மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்காகக் கருவாட்டையே விட்டவரிடம் நான் சொன்ன வார்த்தை இது. மேரி சிரிக்கவில்லை. பதிவேட்டை இழுத்து வைத்து, குறிப்பு எழுதும் கட்டத்தில் பேனாவை ஊன்றினார். 'க' என்று எழுதினார். நான் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டேன்.

"ரெஜிஸ்டர்ல அப்பிடியெல்லாம் எழுதக் கூடாதும்மா. ஆடிட்டர் பாத்தா சிரிப்பான். நான் பாத்துட்டேன்ல? கையெழுத்துப் போடு."

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போட்டார். என் கையெழுத்துக்குக் கீழே, ஆ. மேரி என்று.

மூக்கு சார் பார்த்த சரக்கு என்று அடுப்பில் நின்றவர்களும் வாய் திறக்கவில்லை. பிஸ்கட் மறுநாள் காலை பள்ளிக்கூடங்களுக்குப் போனது. பத்து மணிக்கு முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பிள்ளைகள் துப்புகிறார்கள், நாலைந்து பேர் வாந்தி எடுத்துவிட்டார்கள், பெற்றோர் கூடிவிட்டார்கள் என்று. என்னைத்தான் அனுப்பினார்கள். பள்ளிக்கூட வாசலில் சைக்கிளும் ஸ்கூட்டருமாகத் தெரு அடைத்துக் கிடந்தது. பிஸ்கட்டில் விஷம் என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். ஒரு தாய் கையில் பாதி கடித்த பிஸ்கட்டோடு என் முகத்துக்கு நேரே வந்து, "மோந்து பாருய்யா! உம் புள்ளைக்குக் குடுப்பியா இத?" என்று நீட்டினார். நான் மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் மூக்கைச் சுளித்தேன். நாற்றம் தாங்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த அசிங்கமான காரியங்களை வரிசையாக வைத்தால் அந்த நடிப்பு முன்வரிசையில் இருக்கும்.

டாக்டர் வந்து பார்த்தார். வாடையால் வந்த குமட்டல்தான், வேறு பயமில்லை என்றார். மதியத்துக்குள் பிள்ளைகள் விளையாடப் போய்விட்டார்கள். அந்தப் பவுடரைக் கொண்டுவந்த லாரி முந்தைய நடையில் கருவாடு ஏற்றியது என்பதும் மாலைக்குள் தெரிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் நிம்மதியாக மூச்சு விட்ட கையோடு, முசியே அறையிலிருந்து அழைப்பு வந்தது.

அறையில் முசியே, உற்பத்தி மேலாளர், நான். மேரியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கதவை ஒட்டி நின்றார். மேசை மேல் பதிவேடு திறந்து கிடந்தது.

"யாரு மோந்து பாத்தது?" என்றார் முசியே.

பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போதே இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலையும் வண்டியிலேயே தயார் செய்துவிட்டேன். "மொதல்ல மேரிதாங்க பாத்தாங்க. எனக்கு ரெண்டு நாளா சளி. அதனால அவங்க சொன்னத வெச்சி விட்டுட்டேன்" என்றேன்.

உற்பத்தி மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் அது வசதியாக இருந்தது. முசியே பதிவேட்டைக் கிட்டே இழுத்து, குறிப்புக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது என்னா 'க'ன்னு போட்டிருக்குது?"

மேரி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ் வருமா என்று ரோட்டைப் பார்ப்பது போல, காத்திருந்து பார்த்தார். முசியேவும் என்னைத்தான் பார்த்தார். நான் பதிவேட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பாத்திருப்பாங்க" என்றேன்.

"ஏம்மா, நீ என்னா சொல்ற?" என்றார் முசியே.

"கையெழுத்து என்னுதுதான் சார்" என்றார் மேரி.

முசியே கெட்டவர் இல்லை. வேலையை விட்டு நீக்கவில்லை, பேக்கிங்குக்குத் திரும்பிப் போகச் சொன்னார். உதவியாளர் தேர்வுப் பட்டியலில் மேரியின் பெயரை அடித்தார்கள். அந்தத் தாளில் தரத் தலைவனாக நானும் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதத்துக்குள் மேரி வேலையை விட்டு நின்றுவிட்டார். போகிற அன்று என்னிடம் வந்து சொல்லிக்கொண்டுதான் போனார். "வர்றேன் சார்" என்றார். சரிம்மா என்றேன்.

அதற்குப் பிறகு நான் எதையும் மோந்து பார்த்துக் கையெழுத்துப் போடவில்லை. ஓய்வு நெருங்குகிறது, அடுத்தவர்கள் பழகட்டும் என்று பெருந்தன்மையாக ஒதுங்கினேன். பிரிவு விழாவில் சால்வை போட்டார்கள். முசியே என் மூக்கைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். கைதட்டல் நின்ற பிறகும் எனக்குக் காது கூசிக்கொண்டிருந்தது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது ஓய்வுக்குப் பிறகும் ஒரு வருடம் குறுகுறுத்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோணாங்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். முசியேவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் திரும்ப ஆய்வகத்துக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டும் என்பது என் திட்டம். வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அதிலும் நான் பெரிய மனிதனாக வந்தேன், கவனித்தீர்களா?

மேரிதான் கதவைத் திறந்தார். சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போய் வந்த நல்ல புடவை. தலையில் இரண்டு முழம் மல்லிகை. கோயிலுக்காக வைத்ததாக்கும் என்று நினைத்தேன்.

"வாங்க சார், உக்காருங்க" என்றார். கணவரும் வந்து உட்கார்ந்தார். வேலை எங்கே என்று கேட்டேன். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்பதாகச் சொன்னார். என் பார்வை தலைப் பூவில் இருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். "அங்க பூ வெச்சிக்கிட்டு வரணும்னே சொல்லுவாங்க சார். தெனம் வெச்சிக்கிறேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துவிட்டன.

உள்ளே போய் அடுப்படி வேலையைப் பார்த்துக்கொண்டே, சர்ச்சில் கூட்டம், பஸ்ஸில் நெரிசல் என்று பேசினார். கொஞ்ச நேரத்தில் எனக்கும் கணவருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தார். "சார், காபி..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் அதற்குள் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்துவிட்டேன். பழக்க தோஷம். ஒரு வாய் குடித்தேன்.

"அடடா, என்னா மணம்! இந்த மாதிரி காபி குடிச்சி எவ்ளோ நாளாவுது" என்றேன்.

கணவர் தன் டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்தார். "என்னா சார் நீங்க? பால் அடிபுடிச்சி இந்த நாத்தம் நாறுது, மணமா இருக்குதுன்றீங்க?" என்று சிரித்தார்.

"சும்மா இருங்க" என்று மேரி அவரை அடக்கினார். "பேச்சு வாக்குல பாலைப் பாக்காம வுட்டுட்டேன். வேற பால் வாங்கிட்டு வரச் சொல்றேன்னுதான் சார் சொல்ல வந்தேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "சாருக்கு வாடை தெரியாது. கொரோனாவுலேர்ந்தே தெரியாது" என்றார்.

டம்ளரைக் கீழே வைத்தேன். "எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றேன். அவரை நான் 'உங்களுக்கு' என்று சொன்னது அதுதான் முதல்முறை.

"சேந்த கொஞ்ச நாள்லயே சந்தேகம் சார். அப்புறம் ஒருநாள் லேப்ல கேஸ் தெறந்து கெடந்துச்சி. வராண்டா வரைக்கும் அடிச்சிது. நீங்க பக்கத்துலயே உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தீங்க. ஓடியாந்து மூடிட்டு ஜன்னலத் தெறந்து வுட்டேன். அப்பவே நிச்சயம் ஆயிடுச்சி."

அன்று அவர் திருகியது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் உயிர் அவர் மூக்கில் தப்பியிருக்கிறது. அதை நான் புழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முசியே அறையில் அவர் கதவை ஒட்டி நின்றது நினைவுக்கு வந்தது. அங்கே அவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். இவருக்கு மூக்கே கிடையாது சார், வேண்டுமானால் இங்கேயே எதையாவது கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று. என் பொய் அத்தனையும் அந்த இடத்திலேயே உடைந்திருக்கும். அவர் வேலை அவருக்குக் கிடைத்திருக்கும்.

"அன்னைக்கு முசியேகிட்ட ஏம்மா இதச் சொல்லல?" என்று கேட்டேன்.

மேரி காபி டம்ளர்களை எடுத்துத் தட்டில் வைத்தார். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன் சார்" என்றார்.

திரும்ப ஆய்வகத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "வேணாம் சார், வுடுங்க" என்று மட்டும் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு யோக்கியதை ஏது?

தம்பிகளே, தங்கைகளே, மேசையில் உங்களுக்கு முன்னால் வரும் கிண்ணத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். தெரிந்தவர் பேக்கிங்கில் நிற்கிறாரா, பக்கத்து நாற்காலியில் இருக்கிறாரா என்று பார்க்காதீர்கள். அவர் கருவாடு என்று சொன்னால் பதிவேட்டில் கருவாடு என்றே எழுத விடுங்கள். இந்தக் கட்டுரையை முசியேவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பதிவேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தோடு இதையும் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் மேரி எழுத வந்த சொல் கருவாடு. அவர் சரியாகத்தான் சொன்னார். பேனாவைப் பிடுங்கியவன் நான்.

இதோ, சொல்லிவிட்டேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து, அவர் இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம்.